ஆறு மணி நேரத் தூக்கம் எனக்குப் போதுமா, இல்லை போதும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேனா?

அரைத்தூக்கம் | செவ்வாய், இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. வார நாட்களில் இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து, காலை ஆறரைக்கு அலாரம் அடிக்கும்போது எழுகிறேன். ஐந்து வருடமாக இதே பழக்கம்தான். படுத்த அடுத்த நிமிடமே அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுவேன், நடுவில் விழித்ததாக நினைவே இல்லை, அதனால் என்னுடையது நல்ல தூக்கம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சனி, ஞாயிறு அலாரம் வைப்பதில்லை. இரவு ஒரு மணிக்குப் படுத்தால் காலை பத்து வரைகூடப் போகும். ஞாயிறு இரவு மட்டும் எவ்வளவு புரண்டாலும் தூக்கம் வராது.

போன வாரம் காலையில் குழந்தைகளைப் பள்ளிக்குக் காரில் கூட்டிப் போகும்போது சிக்னலில் நின்ற இடத்திலேயே கண்ணசந்துவிட்டேன். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது. பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் திடுக்கிட்டு விழித்தேன். "அப்பா, தூங்கிட்டீங்களா?" என்று பெரியவள் பின் சீட்டிலிருந்து கேட்டாள். வண்டி நின்றிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை, ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதற்கப்புறம்தான் மற்றதும் கவனத்துக்கு வருகிறது. இந்த வருடம் நான்கு முறை சளி பிடித்துவிட்டது. சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுகிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

பிரச்சினை என்னவென்றால், குழந்தைகள் பத்து மணிக்குத் தூங்கிய பிறகு கிடைக்கும் அந்த இரண்டரை மணி நேரம்தான் ஒரு நாளில் எனக்கென்று இருப்பது. படிப்பேன், பாட்டுக் கேட்பேன், சில நாள் சும்மாவே உட்கார்ந்திருப்பேன். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இரவு எட்டரைக்கு ஒரு காபி குடித்தால்தான் அதுவரை தாக்குப்பிடிக்கவும் முடிகிறது.

எல்லா இடத்திலும் எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் ஐந்து மணி நேரம் போதும், பழகிவிட்டால் உடம்பு கேட்கும் என்கிறார். உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஆறு மணி நேரத்துக்கு உடம்பு பழகிக்கொள்ளுமா? வார இறுதியில் தூங்கி ஈடுகட்ட முடியுமா?

---

சுறுசுறுப்பு | செவ்வாய், இரவு 11.58

தம்பி, எனக்கு 66 வயது. சின்ன வயதிலிருந்தே ஐந்தரை மணி நேரம்தான் தூக்கம், பதினொன்றரைக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். அலாரம் என்று ஒன்று என் வீட்டில் கிடையாது. விடுமுறை நாளிலும் அதே நேரம்தான். பகலில் படுத்ததே இல்லை. என் அம்மாவும் அப்படித்தான், எண்பது வயது வரை சுறுசுறுப்பாக இருந்தார். ஆளுக்கு ஆள் மாறும், பயப்படாதீர்கள். பழகினால் எல்லாம் சரியாகும்.

---

இரவுக்காவல் | புதன், அதிகாலை 4.20

வேலை முடியும் நேரம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பத்து வருடமாகத் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை. வருபவர்களின் தலையிலும் முகத்திலும் காலிலும் மின்முனைகளை ஒட்டிவிட்டு, அவர்கள் தூங்கும்போது மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் விடியும் வரை திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று ஒருவர் காலையில் சொல்வதும் திரை சொல்வதும் ஒன்றாக இருப்பது அபூர்வம் என்பது இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

முதலில் அந்த சிக்னல். அதற்கு நுண்தூக்கம் என்று பெயர். சில நொடிகள் மூளை தூக்கத்துக்குள் போய்விட்டு வரும், சில சமயம் கண் திறந்தபடியே கூட. மனவுறுதியாலோ, சன்னலைத் திறந்து வைப்பதாலோ, பாட்டைச் சத்தமாக வைப்பதாலோ அதைத் தடுக்க முடியாது. தூக்கம் பற்றாத மூளை தானாகவே எடுத்துக்கொள்வது அது. ஆகவே இது சரியாகும் வரை, முடிந்தால் காலையில் வேறு யாராவது குழந்தைகளைக் கொண்டுபோய் விடட்டும். மற்ற எல்லாவற்றையும் மெதுவாக மாற்றலாம், இதை நாளைக்கே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது எண். 2015இல் அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை பல துறை நிபுணர்களைக் கூட்டி, அதுவரை வந்த ஆய்வுகளைப் பார்த்து வயதுவாரியாக ஓர் அளவு சொன்னது. 18 முதல் 64 வயது வரை 7 முதல் 9 மணி நேரம். 65க்கு மேல் 7 முதல் 8. உங்கள் வயதுப் பெரியவர்களில் சிலருக்கு 6 மணி நேரமும் பொருந்தலாம், அதற்குக் கீழே போவதைப் பரிந்துரைக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் தூக்க ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து, பெரியவர்கள் தினமும் 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்க வேண்டும் என்றன. எட்டு என்று ஊரெல்லாம் சொல்வது இந்த ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கும் எண், அவ்வளவுதான். எட்டு வந்தே தீர வேண்டும் என்று எங்கும் விதி இல்லை.

இனி, பழகிவிடுமா என்ற உங்கள் கேள்வி. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். 2003இல் வான் டாங்கன், டிங்கஸ் என்ற ஆய்வாளர்களின் குழு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தது. நல்ல ஆரோக்கியமான 48 பேர். ஒரு பிரிவுக்கு இரவில் 8 மணி நேரம், இன்னொரு பிரிவுக்கு 6, இன்னொன்றுக்கு 4 என்று 14 நாள் தொடர்ந்து படுக்கை நேரம் கொடுத்தார்கள். பகலில் கவனத்தையும் நினைவையும் சோதித்தார்கள். திரையில் குறி தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், அந்த மாதிரி எளிமையான சோதனைகள். ஆறு மணி நேரப் பிரிவினர் நாளுக்கு நாள் தவறவிட்டுக்கொண்டே போய், இரண்டு வார முடிவில் ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாமல் இருந்தவர்களின் அளவுக்கு வந்துவிட்டார்கள். இதில் என்னைக் கலங்கவைத்தது அந்த வீழ்ச்சி அல்ல. எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டபோது, முதல் சில நாள் கூடியது, அப்புறம் பெரிதாகக் கூடவில்லை. திறன் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் ஆளுக்குத் தான் நன்றாக இருப்பதாகவே படுகிறது. கலக்கமான உணர்வு பழகிவிடுகிறது, மூளை பழகுவதில்லை. "ஐந்து வருடமாக இப்படித்தான், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று என் முன்னால் உட்கார்ந்து சொல்பவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நன்றாகத் தூங்கிய நாள் ஒன்று அவர்கள் நினைவிலேயே இல்லை.

நீங்கள் நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று நினைத்ததும் எனக்கு அப்படிப் படவில்லை. போதுமான அளவு தூங்கும் ஒருவருக்கு விளக்கை அணைத்ததிலிருந்து கண்ணயர பத்து, இருபது நிமிடம் ஆவது இயல்பு. எங்கள் கூடத்தில் பகலில் ஒரு பரிசோதனை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இருட்டறையில் படுக்கவைத்து எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று அளப்போம். சராசரி எட்டு நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். தலை சாய்த்ததும் தூங்குவது, பசியோடு இருப்பவர் தட்டைப் பார்த்ததும் பாய்வது மாதிரி.

இன்னொன்று, படுக்கையில் ஆறு மணி நேரம் என்றால் தூக்கம் ஆறு மணி நேரம் இல்லை. யாராக இருந்தாலும் இரவில் பல முறை சில நொடிகள் விழித்துப் புரண்டு படுப்போம், காலையில் ஞாபகம் இருக்காது. படுத்திருந்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கியிருந்தால் நல்லது என்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஐந்தரைதான் தேறும் என்று நினைக்கிறேன். வெட்டுப்படுவதும் எல்லாவற்றிலும் சமமாக இல்லை. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது, முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற்காலைச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். நீங்கள் அலாரம் வைத்து அறுப்பது பெரும்பாலும் அந்தக் கனவுத் தூக்கத்தை. வீட்டில் எரிந்து விழுவதற்கு அதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தூக்கம் குறைந்தவர்களுக்கு முதலில் போவது பொறுமை என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

சுறுசுறுப்பு ஐயா, உங்களைப் போன்றவர்கள் உண்மையில் இருக்கிறார்கள். 2009இல் யிங்-ஹுய் ஃபூ என்ற விஞ்ஞானியின் குழு ஒரு குடும்பத்தில் தாய், மகள் இருவருக்கும் ஒரே மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தது. இருவரும் ஆறே கால் மணி நேரம் போலத்தான் தூங்கினார்கள், அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அப்புறம் வேறு சில மரபணுக்களும் தெரியவந்தன. அலாரம் இல்லை, விடுமுறையிலும் அதே அளவு, அம்மாவும் அப்படியே என்று நீங்கள் சொன்ன மூன்றும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் ஐயா, அது பழகி வந்தது இல்லை, பிறப்பிலேயே வந்தது. அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். விடுமுறையில் ஒன்பது மணி நேரம் தூங்கும் இவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

---

நிலாமுற்றம் | புதன், காலை 9.05

இரவுக்காவல் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்தத் திரியைப் படிக்கும் எல்லோரும் கேள்வி கேட்டவரைப் போல, நேரம் கொடுத்தால் தூங்கக்கூடியவர்கள் இல்லை. என்னைப் போன்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் என்னென்ன நோய் வரும் என்று ஒரு கட்டுரை படித்தேன். அதுவரை ஆறேமுக்கால், ஏழு மணி நேரம் தூங்கி நன்றாகவே இருந்தவள். அன்றிலிருந்து ஒன்பது மணிக்கே போய்ப் படுக்க ஆரம்பித்தேன். தூக்கம் வராது. கடிகாரத்தைப் பார்ப்பேன், இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது, இன்னும் ஆறு, இப்போது தூங்கினால்கூட ஐந்து என்று கணக்குப் போடுவேன். கையில் கட்டும் கருவி ஒன்று வாங்கினேன். காலையில் எழுந்ததும் எனக்கு எப்படி இருக்கிறது என்று என்னையே கேட்பதை விட்டுவிட்டு அந்தக் கருவி தரும் மதிப்பெண்ணைப் பார்ப்பேன். குறைவாகக் காட்டினால் அன்றைய நாளே போச்சு. அந்தக் கருவிகள் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிப்பவை, மூளை அலையைப் பார்ப்பவை அல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எட்டு மாதம் இப்படிப் போனது. படுக்கை என்றாலே நெஞ்சு படபடக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

என்னை மீட்டது மாத்திரை இல்லை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. அதில் முதலில் செய்தது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். பத்து மணி நேரம் படுத்துக் கிடந்து ஆறு மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்கினேன் இல்லையா, அதனால் படுக்கை நேரமே ஆறு மணி நேரம்தான் என்று வைத்துவிட்டார்கள். பன்னிரண்டுக்கு முன் படுக்கக் கூடாது, எப்படித் தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் திரும்பி வர வேண்டும். முதல் வாரம் கொடுமையாக இருந்தது. இரண்டாவது வாரம் படுத்ததும் தூங்கினேன். தூக்கம் ஒன்று சேர்ந்த பிறகு பதினைந்து பதினைந்து நிமிடமாக நேரத்தைக் கூட்டினார்கள். இன்று எனக்கு ஏழு மணி நேரம் வருகிறது, அது எனக்குப் போதும். இதை யாரும் தானாகச் செய்ய வேண்டாம், குறிப்பாக வண்டி ஓட்டுபவர்களும் வலிப்பு, இருமுனை மனநோய் போன்றவை உள்ளவர்களும். மேற்பார்வை தேவை.

அந்தச் சமயத்தில் எனக்கு ஆறுதலாக இருந்த ஓர் ஆய்வும் உண்டு. 2015இல் ஜெரோம் சீகல் குழு, மின்விளக்கு இல்லாமல் வாழும் மூன்று மக்கள் கூட்டங்களில், தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களிடம், தூக்கத்தை அளந்து பார்த்தது. அவர்கள் சராசரியாக 5.7 முதல் 7.1 மணி நேரம்தான் தூங்கினார்கள். படுத்திருந்த நேரம் ஏழிலிருந்து எட்டரை மணி நேரம் போல. மனிதன் இயற்கையாக எட்டு ஒன்பது மணி நேரம் தூங்கினான், நாகரிகம்தான் கெடுத்தது என்று நான் படித்து பயந்ததெல்லாம் அவ்வளவு நேரான கதை இல்லை.

கேள்வி கேட்ட சகோதரரே, உங்கள் நிலை வேறு. உங்களுக்குத் தூக்கம் வருகிறது, நீங்கள்தான் இடம் கொடுக்கவில்லை. நேரத்தைக் கூட்டுங்கள், ஆனால் எட்டு என்ற எண்ணைத் துரத்தாதீர்கள்.

---

சுறுசுறுப்பு | புதன், காலை 10.30

இரவுக்காவல், நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன். என் மகனுக்கு இந்தப் பழக்கம் வரவில்லை. அவன் படிக்கும் காலத்தில் ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டுச் சோம்பேறி என்று நிறையத் திட்டியிருக்கிறேன். தம்பி, பழகினால் சரியாகும் என்று நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

அம்முவின்அம்மா | புதன், பிற்பகல் 2.15

ஐயா, அதை இப்போது சொன்னதற்கே நன்றி. வளரும் பிள்ளைகள் விஷயத்தில் நிறையப் பேர் செய்யும் தவறுதான் அது. 14 முதல் 17 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள், ஆனால் அந்த வயதில் உடம்பின் உள்கடிகாரமே பின்னுக்குப் போகிறது. தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது. பத்து மணிக்குப் படு என்றால் உண்மையாகவே அவர்களால் முடியாது, காலையில் எழுப்பினால் நம்முடைய நடு ராத்திரி மாதிரி அவர்களுக்கு. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இலேயே சொல்லிவிட்டது. என் பெண்ணோடு ஒரு வருடம் தினமும் காலையில் சண்டை போட்ட பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. பள்ளி நேரத்தை என்னால் மாற்ற முடியவில்லை, திட்டுவதை நிறுத்த முடிந்தது.

சரி, அரைத்தூக்கம் கேட்டதற்கு வருகிறேன். "எனக்கென்று இருக்கும் இரண்டரை மணி நேரம்" என்று எழுதினீர்களே, எனக்கு அந்த வரிதான் மனசில் நின்றது. தூங்குங்கள் என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம். நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடிவிட்டு, வீடு அடங்கிய பிறகு கிடைக்கும் அமைதியை விட்டுப் போய்ப் படு என்றால் அது தண்டனையாகத்தான் தெரியும். எனக்கும் அப்படியே இருந்தது. அதனால் முழுவதையும் விட்டுவிடாதீர்கள். என் வீட்டில் நாங்கள் செய்தது, வாரத்தில் இரண்டு மாலை அவர் குழந்தைகளை முழுதாகப் பார்த்துக்கொள்வார், இரண்டு மாலை நான். அந்த மாலையில் மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நமக்கான நேரம் இரவில் மட்டும் இல்லை என்று ஆனதும் இரவைப் பிடித்துத் தொங்குவது தானாகக் குறைந்தது. உங்கள் மனைவியிடம் பேசிப் பாருங்கள், அவருக்கும் அப்படி ஒரு மாலை வேண்டியிருக்கும்.

ஒரேயடியாக இரண்டு மணி நேரம் முன்னால் படுக்கப் போகாதீர்கள், நாலு நாளில் விட்டுவிடுவீர்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள்.

சளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் ஷெல்டன் கோஹன் குழு 153 பேருக்கு மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டுப் பார்த்தது. முந்தைய இரண்டு வாரம் எவ்வளவு தூங்கினார்கள் என்று முன்பே குறித்துவைத்திருந்தார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, எட்டும் அதற்கு மேலும் தூங்கியவர்களைவிடச் சளி பிடித்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வருடத்தில் நான்கு முறை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

---

மூச்சுக்காற்று | புதன், இரவு 8.40

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். குறட்டை விடுவீர்களா?

நான் எட்டு மணி நேரம் தூங்கினேன், சில நாள் ஒன்பது. ஆனாலும் காலையில் தலைவலியோடு எழுவேன், வாய் உலர்ந்திருக்கும், கூட்டத்தில் உட்கார்ந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். இரண்டு வருடம் சோம்பல் என்றே நினைத்தேன். ஒரு நாள் இரவு என் மனைவி என்னைத் தட்டி எழுப்பி, "உங்களுக்கு மூச்சு நின்னுடுச்சு" என்று அழுதாள். பரிசோதனையில் மணிக்கு 40 முறைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் அடைக்கிறது, ஆக்சிஜன் குறைகிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படி விடிய விடிய. எட்டு மணி நேரம் என்பது கணக்கில்தான் இருந்தது. இப்போது முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி போட்டுத் தூங்குகிறேன். முதல் வாரம் முடிந்து ஒரு நாள் காலையில் எழுந்தபோது உலகமே வேறு மாதிரி இருந்தது, அதை எழுதும்போது இப்போதும் கண் கலங்குகிறது.

ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது என்றால் மணி நேரத்தைக் கூட்டுவதில் பயனில்லை, போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் இப்படி வரும்.

---

இரவுக்காவல் | வியாழன், அதிகாலை 3.35

மூச்சுக்காற்று கேட்டது சரியான கேள்வி, நானே கேட்டிருக்க வேண்டும். எப்வொர்த் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து படிக்கும்போது, வண்டியில் போகும்போது, போக்குவரத்தில் சில நிமிடம் நிற்கும்போது என எட்டு சூழ்நிலைகளில் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று நீங்களே மதிப்பெண் போடலாம். மொத்தம் 24இல் பத்துக்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டரை மணிக் காபியைப் பற்றி நேற்று சொல்ல விட்டுப்போனது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, தூக்கம் அழுத்துவது பெரும்பாலும் அதனால்தான். காபியில் உள்ள காஃபீன் அது போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. களைப்பு போய்விடவில்லை, கதவுக்கு வெளியே நிற்கிறது. குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். நீங்கள் ஒன்றரை மணிக்குத் தூக்கத்தில் இருக்கும்போதும் அதில் பாதி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. பிற்பகல் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உங்கள் அளவு என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருக்கிறது. கடமை எதுவும் இல்லாத இரண்டு வாரம் கிடைத்தால் தூக்கம் வரும்போது படுத்து அலாரம் இல்லாமல் எழுங்கள். முதல் நாலைந்து நாள் கன்னாபின்னாவென்று தூங்குவீர்கள், அது பழைய கடன், கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகு எதில் வந்து நிற்கிறதோ அது உங்கள் அளவு.

---

அரைத்தூக்கம் | ஒரு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 6.10

எல்லோருக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

மறுநாளே மனைவியிடம் சிக்னல் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை மறைத்திருந்தேன். கோபித்தாள், அப்புறம் ஒரு மாதம் காலையில் அவளே ஓட்டினாள். குறட்டை கிடையாது என்றும் அவள்தான் உறுதி சொன்னாள். எப்வொர்த் போட்டுப் பார்த்தேன், 14. அதனால் மருத்துவரையும் பார்த்தேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, முதலில் தூக்கத்தைக் கூட்டிவிட்டு வாருங்கள் என்றார்.

காபியை நிறுத்திய முதல் நான்கு நாள் ஒன்பதரைக்கே கண் இருட்டியது. இத்தனை வருடமாக எவ்வளவு களைப்பின் மேல் நின்றுகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கால் கால் மணி நேரமாக நகர்த்தி இப்போது பத்தே முக்காலுக்கு விளக்கை அணைக்கிறேன். நடுவில் பத்து நாள் விடுமுறை எடுத்தேன். முதல் மூன்று இரவு ஒன்பதரை மணி நேரம் தூங்கினேன், கடைசி ஐந்து நாள் ஏழரைக்குக் கொஞ்சம் முன்பின்னாக வந்து நின்றது. எட்டு இல்லை, ஆறும் இல்லை. இப்போது தூங்க பத்து நிமிடம் போல ஆகிறது, சில நாள் அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வருகிறது. எப்வொர்த் இப்போது 7.

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை எனக்கு, திங்களும் புதனும் அவளுக்கு. போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய இரவுகளின் அமைதி மாலையில் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. ஆனால் இரண்டு வாரமாக வீட்டில் நான் குரல் உயர்த்தவில்லை என்று பெரியவள் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வெள்ளி, சனி இரவு மட்டும் பழையபடி ஒரு மணி வரை விழித்திருந்து காலையில் ஈடுகட்டிக்கொள்ளலாமா?

---

இரவுக்காவல் | ஞாயிறு, இரவு 7.25

படிக்க மிகவும் மகிழ்ச்சி.

ஒரு மணி வேண்டாம். வார இறுதியில் கூடுதலாகத் தூங்குவது ஒன்றும் இல்லாததற்கு மேல்தான், ஆனால் ஐந்து நாள் குறைத்ததை இரண்டு காலையில் முழுதாக மீட்டுவிட முடியாது. அதோடு பத்து மணி வரை தூங்கினால் உள்கடிகாரம் பின்னால் போய்விடும், வாராவாரம் வேறு நாட்டுக்குப் பறந்துவிட்டுத் திரும்பி வருவது போல. உங்களுக்கு ஞாயிறு இரவு தூக்கம் வராமல் இருந்ததே, அது இதனால்தான்.

வெள்ளி மட்டும் பன்னிரண்டு வரை இருங்கள். சனிக்கிழமை காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் எழுந்து, எழுந்ததும் வெளியே வெயிலில் கொஞ்சம் நடங்கள், கடிகாரத்தை இழுத்துப் பிடிப்பது காலை வெளிச்சம்தான். களைப்பாக இருந்தால் மதியம் மூன்று மணிக்குள் இருபது நிமிடம் கண்ணயருங்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் எழும்போது தலை கனக்கும். சனி இரவு மறுபடி பத்தே முக்கால்.